சந்தையில் நற்பெயர்

வாங்குவோர் உமது தோட்டத்தைக் காண்பதில்லை. மரக்கறியையும் அதைக் கொணர்ந்தவரையுமே காண்பர். ஆதலின் சரக்கின் தோற்றமும் விற்பவரின் நேர்மையும் விலையைப் பெரிதும் நிருணயிக்கின்றன. கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும்.

1. பறித்தல்: காலையில் பனி உலர்ந்தபின் பறிக்க. ஈரத்துடன் அடைத்த காய் விரைவில் அழுகும். தூரச் சந்தைக்கு அனுப்பும் தக்காளியை, நுனி சிவக்கத் தொடங்கும்போதே பறித்தல் நன்று. கத்தரியைக் காம்புடன் வெட்டுக. பீடைநாசினி தெளித்திருப்பின், சுட்டுத்துண்டிற் குறித்த நாட்கள் கழியுமுன் பறித்தலாகாது. கழுவுவதால் நஞ்சு முற்றாக நீங்காது.

2. தரம் பிரித்தல்: வெடித்தவற்றையும் புழு துளைத்தவற்றையும் நீக்கி, எஞ்சியவற்றைப் பருமனுக்கேற்ப வேறாக்குக. அழுகிய காயொன்று அயலிலுள்ளவற்றையுங் கெடுக்கும்.

3. அடைத்தல்: சாக்கில் திணித்தால் அடியிலுள்ளவை நசியும். தக்காளி போன்றவற்றிற்குப் பிளாத்திக்குப் பெட்டிகளே சிறந்தவை. அவற்றையும் விளிம்புக்குமேல் நிரப்பலாகாது. கோவாவில் வெளியிலைகள் இரண்டு மூன்றை விட்டுவைத்தால் உள்ளிலைகள் காயமுறா. உரச்சாக்குகளை உணவுப்பொருளுக்குப் பயன்படுத்தாதீர்.

4. நேர்மை: பருமனான காய்களை மேலே பரப்பிச் சிறியவற்றை அடியில் மறைப்பவர் ஒருமுறை இலாபமடையலாம். மறுமுறை வியாபாரி மூட்டையைக் கொட்டிப் பார்த்து, அடியிலுள்ள காய்க்கே விலை பேசுவார். அயற்கமக்காரரின் சரக்கையும் ஐயுறுவார்.

தூய உடை, பிழையற்ற தராசு, சொன்ன நேரத்தில் வருகை ஆகியவற்றிற்குச் செலவு சிறிது. அவற்றால் வரும் நற்பெயரோ, சந்தையில் மரக்கறி மலிந்த நாளிலும் உமது சரக்கை விற்றுத்தரும்.