ஐம்பதில் வேலை முடிவதில்லை

2009 மே மாதம் போர் முடிந்தபோது பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு செட்டிகுளம் முகாம்களுக்குப் போன முல்லைத்தீவுப் பெண்களில் பலருக்கு அப்போது முப்பது, முப்பத்தைந்து வயது. மீள்குடியேறி, வீட்டைக் கட்டி, பிள்ளைகளைப் படிப்பித்து நிமிரும்போது ஐம்பது வந்துவிட்டது. கணவரை இழந்தவர், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருப்பவர், காயப்பட்ட கணவரைப் பராமரிப்பவர் என்று யாராக இருந்தாலும் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்தாக வேண்டும். வேலை விளம்பரமோ "18 முதல் 35 வரை" என்கிறது. ஏற்கெனவே வேலையில் இருப்பவரிடம், "ஐம்பதாகுதே அக்கா, இனி வீட்டில இருக்கலாமே" என்கிறார்கள்.

இந்த வழிகாட்டி அந்தப் பெண்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்க விரும்பும் பிள்ளைகளுக்கும், மாதர் சங்கங்களுக்கும், முதலாளிமாருக்கும். அடிப்படை ஒன்றுதான்: அனுபவம், சம்பளம், சேவைக்காலம் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் ஓடும் வேலையில் முதலில் ஏமாறுபவர் வயதான பெண்தான்.

சட்டம் சொல்லும் வயது 60

தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது. பிறகு ஏன் பலர் இன்னும் "பெண்களுக்கு ஐம்பது" என்கிறார்கள்? ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் கோரலாம் என்ற விதியிலிருந்து வந்த பழக்கம் அது. நிதியைக் கோரும் வயது வேறு, வேலையிலிருந்து விலகும் வயது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி யாராவது கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் உடனே போடாதீர்கள். "வீட்டில வாசிச்சுப் பார்த்திட்டுத் தாறன், தம்பி" என்று சொல்லிப் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வேலைத்தலம் சிறியது என்றால் இந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்பதைத் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். வேலையில் இருப்பவரை வயதைக் காட்டி அனுப்புவதைத்தான் இந்தச் சட்டம் தடுக்கிறது. புதிதாக வேலைக்கு எடுக்கும்போது வயதைப் பார்த்துத் தள்ளிவிடும் வழக்கத்துக்கு இது மருந்து ஆகாது. அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது அனுபவச் சான்று.

கைத்தொழிலைச் சான்றிதழாக்குங்கள்

இருபது வருடம் தையல் மெஷினில் இருந்தவர், முன்பள்ளியில் படிப்பித்தவர், கலியாண வீடுகளுக்குச் சமைத்தவர் எல்லோரும் "எனக்கு ஒரு படிப்பும் இல்லை" என்றே சொல்கிறார்கள். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழைப் பயிற்சி நெறிக்குப் போகாமலும் பெறலாம். முன்பே கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கிறது. மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்துகாட்ட வேண்டும், செய்த வேலைக்குச் சான்றுகள் கொடுக்க வேண்டும். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ, பிரதேச செயலகத்தில் உள்ள மனிதவலு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரிடமோ விசாரியுங்கள்.

அதற்கு முன் ஒரு பைல் தயாராக வேண்டும். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலர் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பழைய முதலாளிகளின் சேவைக் கடிதம், தைத்த உடுப்பின் அல்லது செய்த வேலையின் படங்கள். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி கேளுங்கள். பிறப்பே பதியப்படாதவர் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வயதை நிரூபிக்கும் தாள் இல்லாமல் ஓய்வு வயதுச் சட்டத்தால் பயனில்லை.

சம்பளத்துண்டை வாசிக்கப் பழகுங்கள்

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. 30,000 ரூபா சம்பளக்காரரின் கணக்கைப் பார்ப்போம்.

சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அதாவது 2,400 ரூபா பிடிக்கலாம். முதலாளி தன் பங்காக 12 வீதம், 3,600 ரூபா போட வேண்டும். மாதம் 6,000 ரூபா உங்கள் கணக்கில் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம், 900 ரூபா, முழுவதும் முதலாளியின் பொறுப்பு. அது உங்கள் சம்பளத்தில் கழிக்கப்பட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். தற்காலிகம், துண்டுக்கணக்கு என்ற காரணம் சேமலாப நிதியில் செல்லாது.

15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடையும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக எடுத்த சம்பளத்தில் அரை மாதம். 12 வருடம் வேலை செய்தவருக்கு 15,000 ரூபா வீதம் 1,80,000 ரூபா. "நீங்களாகவே நின்றுவிட்டு, அடுத்த மாதம் புதிதாகச் சேருங்கோ" என்று சொல்லப்பட்டால் இந்தத் தொகையை நினைத்துக்கொள்ளுங்கள். சேவை இடையில் முறிந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

கச்சான் தோட்டத்திலும் சட்டம் உண்டு

முல்லைத்தீவில் வயதான பெண்களின் உழைப்பில் பெரும்பகுதி நாட்கூலியில் போகிறது: கச்சான் பிடுங்கி ஆய்வது, நெல் வயலில் புல்லுப் பிடுங்குவது, கரையோரத்தில் கருவாடு காயவைப்பது. ஒரே தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு என்பது ஊர் வழக்கம். குறைந்தபட்ச நாட்சம்பளம் 2026 முதல் 1,200 ரூபா. சட்டத்தில் ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு தொகை இல்லை.

தனியாக நின்று கேட்டால் நாளைக்கு வேலை இல்லை. அதனால் குழுவாகக் கேளுங்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து பருவம் தொடங்கும் முன்பே தோட்டக்காரரோடு கூலி, வேலை நேரம், தேநீர், போக்குவரத்து நான்கையும் பேசி முடியுங்கள். ஒரு கொப்பியில் திகதி, தோட்டம், வந்தவர்கள், வாங்கிய தொகை ஆகியவற்றை எழுதி வாருங்கள். எழுதத் தெரிந்த ஒருவர் போதும். சம்பளம் நின்றுபோனால் தொழில் அலுவலகத்தில் காட்டுவதற்கு அந்தக் கொப்பிதான் சாட்சி.

மிதிவெடி அகற்றும் பெண்களுக்கு

வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலையில் ஏராளமான பெண்கள் இருக்கிறார்கள். வெயிலில், கனத்த கவசத்துடன், முழங்காலில் இருந்து நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கும் வேலை அது. குடும்பத்தைத் தனியே சுமந்த பலருக்கு முதல் மாதச் சம்பளம் அங்கேதான் கிடைத்தது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க அதன் கீழ் உள்ள இலக்கு நாள் 2028 ஜூன் 1. நிலம் விடுபடுவது எல்லோருக்கும் நல்லது. ஆனால் அந்தப் பெண்கள் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வேலை தேடி நிற்கப்போகிறார்கள்.

அதற்கான ஆயத்தம் இப்போதே தொடங்க வேண்டும். சேவைக் கடிதத்தில் "பணியாளர்" என்று மட்டும் எழுதினால் போதாது. முதலுதவி, குழுத் தலைமை, வாகனம் ஓட்டுதல், பதிவு வைத்தல் என்று கற்ற ஒவ்வொன்றையும் எழுதித் தரக் கேளுங்கள். கையில் சம்பளம் இருக்கும் காலத்திலேயே சாரதி அனுமதிப்பத்திரமோ என்.வி.கியூ. சான்றிதழோ எடுத்துவிடுங்கள்.

வேலை போனால்

முதலில் செய்ய வேண்டியது, உங்களை வேலைக்கு அழைப்பதை நிறுத்திய நாளைக் குறித்துக்கொள்வது. நியாயமின்றி நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "கூப்பிடுவார்கள்" என்று காத்திருந்தே அந்தக் காலத்தைக் கடத்திவிடுகிறவர்கள் அதிகம். சேமலாப நிதி, பணிக்கொடை, சம்பளப் பாக்கி ஆகியவற்றுக்குத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான அடையாளத்தைப் பிரதியில் வாங்குங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். வேலையிடத்தில் தொந்தரவு இருந்தால் பெண்கள் உதவி இலக்கம் 1938.

துணை நிற்பவர்கள் செய்ய வேண்டியது

பிள்ளைகளே, அம்மாவின் சம்பளத்துண்டைப் படம் எடுத்து மாதாமாதம் சேமித்து வையுங்கள். "இனி ஏன் வேலைக்கு" என்று கேட்குமுன் அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். பேரப்பிள்ளையைப் பார்ப்பதற்காக அவர் வேலையை விட்டால் அவருடைய ஓய்வுகாலப் பணத்தை யார் கொடுப்பது என்பதையும் வீட்டில் பேசுங்கள்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மாதக் கூட்டத்துக்குத் தொழில் உத்தியோகத்தரை அழைக்கலாம். மாந்தை கிழக்கிலோ துணுக்காயிலோ இருக்கும் ஒரு பெண் தனியே பஸ் பிடித்து அலுவலகம் போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அலுவலகம் ஊருக்கு வந்தால் முப்பது பேரின் கேள்வி ஒரே பின்னேரத்தில் முடியும்.

முதலாளிமார் சிறிய மாற்றங்களைச் செய்யலாம். கண்பார்வை குறைந்த தையல்காரருக்கு நல்ல வெளிச்சமும் கண்ணாடிக்கு முற்பணமும் கொடுங்கள். நின்று செய்ய முடியாதவரை செக்கிங், பேக்கிங் மேசைக்கு மாற்றுங்கள். புதிதாக வரும் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பைச் சம்பளத்தோடு அவரிடம் ஒப்படையுங்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பெண் லீவு குறைவாக எடுப்பவர், வேலை தெரிந்தவர். விளம்பரத்தில் இருக்கும் "35 வரை" என்ற வரியை எடுத்துவிட்டாலே அவர் உங்கள் வாசலுக்கு வருவார்.

இந்தக் கிழமை உங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு மாமியோடு, ஒரு பெரியம்மாவோடு அரை மணி நேரம் உட்காருங்கள். அவருடைய பைலைத் திறந்து, இல்லாத தாள் எது என்று பாருங்கள். அதை எடுத்துக் கொடுக்கும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.