டல்லஸ் மலிவு, ஆனால் யாருக்கு?

நம்பிக்கை: டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. சான் பிரான்சிஸ்கோவை விட்டு டல்லஸுக்குக் குடிபோனால் சம்பளம் முழுசாகக் கைக்கு வரும்.

உண்மை: மாநில வருமான வரி இல்லை என்பது சரிதான். கலிபோர்னியாவில் அது படிப்படியாக ஏறி உச்சத்தில் 13.3 சதவீதத்தைத் தொடும். ஆனால் மத்திய அரசின் வரிகள் இரண்டு ஊரிலும் பிடிக்கப்படும். பள்ளிக்கூடம், சாலை, போலீஸ் செலவுக்கு டெக்சஸும் எங்கிருந்தாவது எடுத்துத்தானே ஆக வேண்டும்? வீட்டுவரியில் எடுக்கிறது. டல்லஸ் வட்டாரத்தில் அது வீட்டு மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். 5 லட்சம் டாலர் வீட்டில் நாமே குடியிருந்தால், சலுகைகள் போகவும் ஏழெட்டாயிரம் டாலர் கட்ட நேரும். பெரும்பாலும் இதை மாதத் தவணையோடு சேர்த்து வங்கியே வாங்கிவிடுவதால் கண்ணில் படுவதில்லை. கடன் அடைந்த பிறகும் வரி நிற்காது. ஆலங்கட்டி மழை கூரையைப் பதம் பார்க்கும் ஊர் என்பதால் காப்பீட்டுக் கட்டணமும் கனம்.

இத்தனைக்குப் பிறகும், வீடு வாங்கும் கணினிப் பொறியாளருக்கு டல்லஸ்தான் லாபம். சான் பிரான்சிஸ்கோவில் சாதாரண வீடே 10 லட்சம் டாலரைத் தாண்டும். டல்லஸில் அதில் பாதி கூட ஆகாது.

நம்பிக்கை: விலைவாசிக் குறியீட்டில் டல்லஸ் வெகுவாகக் கீழே இருப்பதால் எல்லோருக்கும் அங்கே செலவு குறைவு.

உண்மை: இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சி2ஈஆர் குறியீடு, நிர்வாகம் மற்றும் உயர்தொழில் பணிகளில் இருக்கும் குடும்பங்களின் செலவை வைத்துப் போடப்படுவது. வருமான வரி, வீட்டுவரி இரண்டும் அதில் சேராது. ஓட்டலில் பாத்திரம் கழுவுபவரின் கணக்கே வேறு. சான் பிரான்சிஸ்கோவில் 1979ஆம் ஆண்டிலிருந்து வாடகைக் கட்டுப்பாடு இருக்கிறது. பழைய அடுக்குமாடியில் பல வருடமாகக் குடியிருப்பவர் கொடுப்பது, இன்று புதிதாக வருபவர் கொடுப்பதைவிட வெகு குறைவாக இருக்கும். டெக்சஸிலோ, பேரிடர்க் காலம் தவிர, நகரங்கள் அப்படிக் கட்டுப்பாடு விதிப்பதை மாநிலச் சட்டமே தடுக்கிறது. கார் இல்லாமல் டல்லஸில் காலம் தள்ளுவது கடினம்; சான் பிரான்சிஸ்கோவில் பஸ்ஸும் ரயிலும் போதும். மின்சாரம் டெக்சஸில் யூனிட்டுக்கு ஏறக்குறைய பாதி விலைதான், ஆனால் கோடையில் இரவிலும் ஏசியை அணைக்க முடியாது.

வரவையும் பார்க்க வேண்டும். டெக்சஸில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009க்குப் பிறகு அது ஒரு சென்ட் கூட ஏறவில்லை. நடைமுறையில் டல்லஸ் முதலாளிகள் பலர் அதற்கு மேல் தருகிறார்கள் என்றாலும், சான் பிரான்சிஸ்கோவில் 2025 ஜூலை முதல் சட்டமே 19.18 டாலர் என்கிறது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டைக் கலிபோர்னியா விரிவாக்கியது, டெக்சஸ் மறுத்துவிட்டது. பிள்ளைகள் இல்லாத, ஊனமோ முதுமையோ இல்லாத ஒரு கூலித் தொழிலாளிக்கு, வருமானம் எவ்வளவு குறைந்தாலும், டல்லஸில் அந்தக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது.