டிராயிங் போன தேதியும் பில் போட்ட தேதியும்

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு மோல்டு உருவாகிறது என்றால், அதற்கான டிராயிங் பல நேரம் பேட்டைக்கு வெளியேதான் தயாராகிறது. குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல், தாம்பரம் என்று சுற்றுவட்டாரத்தில் வீட்டு மாடியில் இரண்டு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து டூல் ரூம்களுக்கு வேலை செய்து கொடுக்கும் ஃப்ரீலான்சர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு வேலை ஓடுவது வாட்ஸ்அப்பில், பில் ஓடுவது எக்செல்லில். அது இதற்குத் தெரியாது, இது அதற்குத் தெரியாது. பணம் மாட்டிக்கொள்வது அந்த இடைவெளியில்தான்.

இரவு பத்து மணிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும்: "தம்பி, அந்த பாஸ் ஹைட்டை மட்டும் ஒரு எம்.எம். ஏத்திடுங்க, காலையில ஸ்டீல் வெட்டணும்." தம்பியும் ஏற்றி அனுப்பிவிடுவார். அது மூன்றாவது ரிவிஷன். மாதக் கடைசியில் அதற்கும் சேர்த்து பில் போனால், வேலை கொடுத்த அண்ணன் பேசமாட்டார், அக்கவுன்ட்ஸில் இருந்து போன் வரும்: "கோட்டேஷன்ல இது இல்லையே சார். பி.ஓ. நம்பரும் போடலை. எப்படி புக் பண்றது?"

வேலையையும் பில்லையும் இணைக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேலை இந்த அக்கவுன்ட்ஸ் மேசையில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் அனுபவம். விளம்பரத்தில் வரும் வண்ண வண்ணப் பலகைகளைப் பார்த்துத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். பில்லை எடுத்து புக் செய்யப்போகிறவருக்கு என்ன வேண்டும்? பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர், இரு தரப்பு ஜி.எஸ்.டி. எண், வடிவமைப்புச் சேவைகளுக்கு 9983 என்று தொடங்கும் குறியீடு, தமிழ்நாட்டுக்குள் என்றால் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. தனித்தனியாக, ஓசூர் தாண்டி பெங்களூரு என்றால் ஐ.ஜி.எஸ்.டி. பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்தைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் தானாக வந்து உட்காராத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தத் தொழிலுக்கு ஆகாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து, ஜி.எஸ்.டி. பதிவும் எடுக்கவில்லை என்றால் வரியே வசூலிக்கக் கூடாது. அப்போது வரிப் பத்தி இல்லாத எளிய பில் வடிவம் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தத் துறையின் பெயர் பெற்ற மென்பொருள்கள் சில, சிறு தொழில் செய்தவர்களின் சொந்தத் தலைவலியில் இருந்து வந்தவை. வேலைகளைப் பின்தொடரும் பேஸ்கேம்ப்பை 2004-ல் வெளியிட்டது 37சிக்னல்ஸ் என்ற சின்ன வலைத்தள வடிவமைப்பு நிறுவனம். தங்கள் வாடிக்கையாளர் வேலைகளைச் சமாளிக்கவே அதை எழுதினார்கள். டொரன்டோவில் வடிவமைப்பு நிறுவனம் நடத்திய மைக் மெக்டெர்மன்ட், பழைய பில் ஒன்றின் மீதே புதிய பில்லைத் தவறுதலாகச் சேமித்துவிட்ட எரிச்சலில் தொடங்கியது ஃப்ரெஷ்புக்ஸ் என்ற பில் மென்பொருள். நம் டேலியும் அப்படித்தான்: ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிகளும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத்தை எழுதச் சொன்னார். 1986-ல் அந்த நிறுவனம் பிறந்தது. ஒவ்வொன்றும் யாருடைய பிரச்சினைக்காகப் பிறந்ததோ அதை நன்றாகத் தீர்க்கும். டொரன்டோக்காரரின் பிரச்சினையில் டி.டி.எஸ். என்ற வரிப் பிடித்தம் கிடையாது.

நமக்கு உண்டு. 60,000 ரூபாய் வேலைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 10,800 சேர்த்து 70,800 ரூபாய்க்கு பில் போகிறது. தொழில்முறைக் கட்டணமாகக் கருதி 10 சதவீதம் பிடித்தால், வரி நீங்கலான 60,000-க்கு 6,000 போக வங்கிக்கு வருவது 64,800. அந்த 6,000-ஐ டி.டி.எஸ். என்று பதிய மென்பொருளில் இடம் இல்லாவிட்டால், முழுதும் தீர்ந்துபோன பில்லும் 'பாக்கி' என்றே காட்டிக்கொண்டிருக்கும். பத்து பில் இப்படி நின்றால் எது நிஜப் பாக்கி என்று கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பிடித்த தொகை நம் வருமான வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று ஆடிட்டர் கேட்கும்போதும் இந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

இனி வேலையைப் பின்தொடரும் மென்பொருள். ட்ரெல்லோவோ வேறெதுவோ, இலவசத் திட்டமே இரண்டு மூன்று பேருக்குப் போதும். ஆனால் அதில் ஒரு தேதி கட்டாயம் பதிவாக வேண்டும்: எந்த ரிவிஷன் எந்த நாளில் வாடிக்கையாளர் கைக்குப் போனது என்ற தேதி. 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சிச் சட்டம் இந்தத் தேதியில்தான் நிற்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லை என்றால், வேலையை ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு தொழில்களுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காமல் ஆண்டு முடிவிலும் பாக்கி நிற்கும் பணத்தை அந்த ஆண்டுச் செலவாக வாங்கியவர் காட்ட முடியாது என்ற வருமான வரி விதியும் வந்துவிட்டது. அதனால் நாம் சிறு தொழில் என்று காட்டும் உத்யம் பதிவு எண்ணை பில்லில் அச்சிடுவது அவசியம். அரசு இணையதளத்தில் அந்தப் பதிவுக்குக் கட்டணமே இல்லை. கூடவே, வாய்ஸ் மெசேஜில் வந்த திருத்தத்துக்கும் 'மூன்றாம் ரிவிஷன் இன்று அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி மின்னஞ்சல் போய்விட வேண்டும்.

இரண்டு மென்பொருளா, ஒன்றா? ஆள் குறைவாக இருந்தால் ஒன்றே நல்லது. தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் கூடுவாஞ்சேரி பக்கம் வளாகம் வைத்திருக்கும் ஜோஹோ, 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. தன் இன்வாய்ஸ் மென்பொருளை 2021-ல் முழுக்க இலவசமாக்கியது. அதில் வேலைவாரியாக நேரத்தைக் குறிக்கலாம், கோட்டேஷனை வாடிக்கையாளர் இணையத்திலேயே ஒப்புக்கொள்ளலாம், அதையே பில்லாக மாற்றலாம். ஆடிட்டர் டேலியில் வேலை செய்பவர் என்றால், அவருக்கு எந்த வடிவில் தரவு வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இலவசமோ காசோ, தரவு நம் கையிலும் இருக்க வேண்டும். வேலைப் பட்டியலுக்குப் பலரும் நம்பியிருந்த வுண்டர்லிஸ்ட்டை மைக்ரோசாஃப்ட் வாங்கி 2020 மே மாதம் மூடியது. ஜி.எஸ்.டி. கணக்கையோ ஆண்டறிக்கைக் கெடுவில் இருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். மாதம் ஒருமுறை பில்களை பி.டி.எஃப். ஆக இறக்கி வைப்பது அரைமணி வேலை.

எதையும் வாங்குமுன் முடிந்துபோன பழைய வேலை ஒன்றை, அதுவும் மூன்று ரிவிஷன் கண்ட வேலையாக எடுத்து, சோதனைப் பதிப்பில் கோட்டேஷனில் இருந்து டி.டி.எஸ். வரை ஓட்டிப் பார்க்கலாம். எங்கே தடுக்கிறது என்று ஒரு மாலையில் தெரிந்துவிடும். மாறுவதென்று முடிவானால் ஏப்ரல் 1 வசதியான நாள். பில் எண் வரிசை புதிதாகத் தொடங்கும். மார்ச் 31 வரை வராத பாக்கியைப் பார்ட்டிவாரியாகத் தொடக்க இருப்பில் ஏற்றிவிட்டால், பழைய எக்செல்லை மறுபடி திறக்க வேண்டியிருக்காது.