அச்சுப் படம் அசலாகுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஓவியம் என்றால் ஒன்றுதான் இருக்கும். அச்சு என்றால் ஆயிரம் இருக்கும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் சென்னையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு கண்காட்சியில் இளம் அச்சுக்கலைஞர் ஒருவரின் படைப்புகளைக் கண்டேன். எல்லாம் நகரக் காட்சிகள். அவற்றுள் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் ஒரு கூட்டம் என்னை நகரவிடவில்லை. விலை ரூ.4,000. மாதம் ஆயிரமாக வரும் அரசு உதவித்தொகையில் நான்கு மாதப் பணம். வாங்கிவிட்டேன்.

என் தந்தை சிவகாசியில் ஆப்செட் இயந்திரம் ஓட்டுபவர். "ஏம்மா, அச்சடிச்ச படத்துக்கா இம்புட்டு ரூவா? நம்ம பிரஸ்ஸுல ஒரு மணி நேரத்துல ஆயிரக்கணக்குல ஓட்டுறோமே!" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏமாந்துவிட்டோமோ என்ற அச்சத்தில் படிக்கத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

நாட்காட்டிப் படம் வேறொரு ஓவியத்தின் நகல். அசல் அச்சுக்கோ முந்திய ஓவியம் என்று ஒன்றில்லை. கலைஞர் தகட்டிலேயே வரைகிறார். தாளில் பதிவதே படைப்பு.

நம் துறை நண்பர்களுக்கு இதன் செய்முறை எளிதில் விளங்கும். துத்தநாகத் தகட்டின்மேல் மெழுகும் நிலக்கீலும் கலந்த பூச்சைத் தடவி, ஊசியால் கீறி வரைவர். கீறிய இடத்தில் மட்டும் உலோகம் வெளிப்படும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இட்டால் அக்கோடுகள் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். எழும் குமிழிகளை இறகால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிடில் அரிப்பு சீராக இராது. நெடுநேரம் ஊறிய கோடு ஆழமாகி, தாளில் கருமையாகப் பதியும். தாமிரத் தகடாயின் ஃபெரிக் குளோரைடு. பின்னர்ப் பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமான தாளை வைத்து உருளைகளுக்கிடையே செலுத்துவர். ஒவ்வொரு தாளுக்கும் மறுபடியும் மையிட்டு, மறுபடியும் துடைக்க வேண்டும். தகடும் தேய்ந்துகொண்டே வரும்.

ஒரே தகட்டில் பல வண்ணங்களைப் பெற, மைகளின் பாகுநிலையை எண்ணெய் கலந்து வேறுபடுத்தும் முறையைப் பாரிசில் வளர்த்தவர்களுள் ஒருவர், ஆந்திரத்தில் பிறந்து சென்னைக் கலாக்ஷேத்திராவிலும் கற்பித்த கிருஷ்ணா ரெட்டி (1925–2018). நாம் மனப்பாடம் செய்யும் பாகுநிலைக்கு இப்படியும் ஒரு பயனுண்டு என்று எந்த வினாத்தாளும் நம்மைக் கேட்டதில்லை!

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. படத்தின் கீழே பென்சிலால் 9/20 என்பதுபோல் எழுதியிருக்கும். மொத்தம் இருபது படிகள், இது ஒன்பதாவது என்று பொருள். வலப்பக்கம் கையொப்பம். 'ஏ.பி.' என்றிருந்தால் அது கலைஞர் தமக்கென வைத்துக்கொண்ட படி. ஆனால் எண்ணையும் கையொப்பத்தையும் மட்டும் நம்பக் கூடாது. கணினி அச்சுப்பொறியில் எடுத்த நகலிலும் கையொப்பமிட்டு விற்பதுண்டு. எனவே, எந்த முறையில் அச்சிட்டது, மொத்தம் எத்தனை படிகள் என்று கூச்சமின்றிக் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்க வேண்டும். நான் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை.

அதனால் என் சோதனை வீட்டிலேயே நடந்தது. அப்பா அச்சகத்தில் புள்ளி பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து படத்தின்மேல் வைத்தார். நாட்காட்டியில் தெரியும் நான்கு வண்ணப் புள்ளிகள் இதில் இல்லை. முழுக் கோடுகளே தெரிந்தன. ஓரத்தில் தகடு அழுந்திய பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். கோட்டின் மை தாளிலிருந்து சற்றே மேலெழும்பி நின்றதையும் அவரே காட்டினார். "இந்த மூலையில மை கூடுதலா நிக்குது. எங்க பிரஸ்ஸுல இது வேஸ்ட் தாளு. இங்க அப்படி இல்லபோல" என்றார். இருபது படிகளும் ஒன்றுபோல் இராமல் சிறிது சிறிது வேறுபடுவதற்குக் காரணம் துடைக்கும் கைதான் என்று நான் படித்திருந்ததை அப்போது சொன்னேன். நெடுநேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டம் போடும்போது செய்தித்தாளைப் பின்னால் வைக்கக் கூடாது. அதிலுள்ள அமிலம் தாளை மஞ்சளாக்கும். செல்லோடேப்பும் கூடாது, நேர் வெயிலும் கூடாது.

இக்கட்டுரையுடன் அப்படத்தையும் வெளியிடலாம் என்றார் மலர்க்குழுப் பேராசிரியர். தாள்தான் என்னுடையது, மறுபடியும் அச்சிடும் உரிமை கலைஞருடையது. அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை பதில் வரவில்லை. படம் இல்லாததற்கு அதுவே காரணம்; பார்க்க விரும்புவோர் எங்கள் வீட்டுக்கு வரலாம்.