நாற்பது கஜ ஓட்டம் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்கக் கால்பந்தாட்டம் நாம் ஆடும் கால்பந்தாட்டம் அன்று. அதில் பந்தைக் கையால் எறிவார்கள். ஓடிச்சென்று அதைப் பிடிப்பவருக்கு ‘வைட் ரிசீவர்’ என்று பெயர். தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசை முறையில் தேர்ந்தெடுக்கின்றன. அதற்குமுன் நடக்கும் சோதனைகளில் ஒன்று 40 கஜ ஓட்டம், அதாவது 36.58 மீட்டர்.

2017-ஆம் ஆண்டு இண்டியானாபோலிஸ் நகரில் ஜான் ராஸ் இத்தூரத்தை 4.22 விநாடியில் கடந்தார். கூப்பர் கப் என்பவருக்கு 4.62 விநாடி ஆயிற்று. தூரத்தைக் காலத்தால் வகுத்துப் பாருங்கள். ராஸின் சராசரி வேகம் விநாடிக்கு 8.67 மீட்டர், கப்பின் வேகம் 7.92 மீட்டர். ராஸ் கோட்டைத் தொட்டபோது கப் 3 மீட்டருக்கும் மேல் பின்தங்கியிருப்பார். நீங்கள் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

சின்சினாட்டி அணி ராஸை 9-ஆவது ஆளாக எடுத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் அணி கப்பை 69-ஆவது ஆளாக எடுத்தது. முதல் ஆண்டில் ராஸ் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. காயங்களும் அவரை வருத்தின. கப்போ 2021-ஆம் ஆண்டுப் பருவத்தில் 145 பந்துகளைப் பிடித்து 1,947 கஜம் சேர்த்தார். அப்பருவத்தில் இரண்டிலும் அவரே முதல்வர்.

காரணம் என்ன? ஆட்டத்தில் நேர்க்கோட்டில் மட்டும் ஓடுவதில்லை. சட்டென்று திரும்பவும் வேண்டும். திரும்புவதற்கு வேண்டிய மையநோக்கு விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் 10 சதவீதம் கூடினால், அதே வளைவில் திரும்ப 21 சதவீதம் கூடுதல் விசை வேண்டும். அவ்விசையைத் தருவது காலுக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு. அதற்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே வேகத்தைக் குறைத்து, திரும்பி, மீண்டும் முடுக்கம் பெறத் தெரிந்தவரே தேர்ந்த ஆட்டக்காரர்.

எதிரணிக் காவலர் அத்திருப்பத்தைக் கண்டு செயற்பட 0.2 விநாடி ஆகிறது என்று கொள்வோம். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் அவர், அதற்குள் 1.6 மீட்டர் பழைய திசையிலேயே போய்விடுவார். பந்தைப் பிடிக்க அந்த இடைவெளி போதும்.

அப்படியானால் நேர்வேகம் வீணா? இல்லை. அதற்கு அஞ்சியே காவலர் தள்ளி நிற்கிறார். ஆனால் ஓர் அளவை ஒன்றைத்தான் அளக்கும்.

உங்கள் பள்ளி மைதானத்தில் செய்து பாருங்கள். நண்பர்கள் ஐவரை முதலில் 20 மீட்டர் நேராக ஓடச் செய்யுங்கள். பிறகு 10 மீட்டரில் ஒரு கம்பை நட்டு, அதைச் சுற்றித் திரும்பி வரச் செய்யுங்கள். இரண்டு முறையும் வரிசை ஒன்றாகவே இருக்கிறதா? மாறினால், காரணத்தை நியூட்டன் விதிகளைக் கொண்டு எழுதுங்கள்.