கோழிக்குஞ்சின் இனம் அறிதல்
(இரண்டாமாண்டு இளமறிவியல், விலங்கியல்)

கோழியை எல்லோரும் அறிவோம். கோழிக்குஞ்சை அறிந்தவர் சிலரே. வளர்ந்த சேவலைக் காட்டினால் இது சண்டைக்கோழி, இது லெகார்ன் என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சைக் கையில் கொடுத்து, 'இது என்ன இனம்?' என்று கேட்டால் விலங்கியல் மாணவரும் விழிப்பர். நான் விழித்தவள். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருவுக்கு மொபெட்டில் ஒரு வியாபாரி வந்தார். கூடை நிறையக் குஞ்சுகள். 'நாட்டுக்கோழிக் குஞ்சு, முப்பதே ரூபாய்' என்றார். அம்மா களை எடுத்துச் சேர்த்த பணத்தில் இருபத்தைந்து குஞ்சுகள் வாங்க நினைத்தார். தீபாவளிக்குச் சேவல்களை விற்று என் தேர்வுக் கட்டணம், பெட்டைகளை வைத்து முட்டை என்பது கணக்கு. ஆனாலும் அவருக்கு ஓர் ஐயம். 'எல்லாம் ஒரே நெறமா இருக்கே. நீதானே கோழிப் பாடம் படிக்கிறவ, பாத்துச் சொல்லுத்தா' என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்தி. நாட்டுக்கோழியிலும் மஞ்சள் குஞ்சு பிறப்பதுண்டு என்று பெருமையாகச் சொன்னேன். அது பொய்யன்று. ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையுமன்று.

நான்காம் வாரம் இருபத்தைந்துக்கும் கொண்டை சிவந்தது. அத்தனையும் சேவல், அத்தனையும் வெள்ளை. வெள்ளை நிறம் பருந்தின் கண்ணுக்கு விளக்கு வைத்தாற்போல. தீபாவளிக்கு எஞ்சிய பதினான்கை நாட்டுக்கோழி விலையில் பாதிக்குத்தான் கேட்டார்கள்.

அவை வெள்ளை லெகார்ன் சேவல்கள். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் பெட்டைகள் மட்டுமே தேவை. ஆதலால் பொரிப்பகத்தில் முதல் நாளே ஆண், பெண் பிரித்துவிடுகிறார்கள். குஞ்சின் எச்சத்துளையைப் பிதுக்கிப் பார்த்துப் பால் அறியும் முறையை ஜப்பானிய அறிவியலார் 1920களில் உலகுக்கு அளித்தனர். சிறகு முளைக்கும் வேகத்தைக் கொண்டு பிரிப்பதும் உண்டு. ஆண் குஞ்சு முட்டையிடாது. கறிக்கோழிபோல் சதையும் போடாது. பெரும்பாலானவற்றை அன்றே கொன்றுவிடுகிறார்கள். மிஞ்சியவை கூடைக்கு வருகின்றன. திருவிழாக்களில் பச்சையும் ரோஜா நிறமுமாகச் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளில் பலவும் இவையே.

இனி, குஞ்சின் நிறத்தைக் காண்போம். வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அதன் குஞ்சு பழுப்பு நிறம். முதுகில் அணிற்கோடு போன்ற பட்டை ஓடும். நம் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் பலவற்றில் இன்றும் அந்தக் கோட்டைக் காணலாம். உடல் கறுத்து அடிவயிறு மட்டும் வெளுத்த குஞ்சு பெரும்பாலும் கறுப்புக் கோழியாக வளரும். வெளுப்பைக் கண்டு ஏமாற வேண்டாம். ரோட் ஐலண்ட் ரெட் குஞ்சு செம்பழுப்பு. கறுப்புக் குஞ்சின் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது பிளிமத் ராக் போன்ற வரியுள்ள இனமாகலாம். வரிக்குரிய மரபணு இசட் குரோமோசோமில் உள்ளது. சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்று. ஆகவே தூய இனத்தில் ஆண் குஞ்சின் பொட்டு பெரிதாகவும் கலைந்தும், பெண் குஞ்சின் பொட்டு சிறிதாகவும் இருக்கும். நம்மில் பால் நிர்ணயம் ஆணைச் சார்ந்தது. கோழியில் பெட்டையைச் சார்ந்தது. தேர்வில் இதை மாற்றி எழுதி நான் இரண்டு மதிப்பெண் இழந்ததும் உண்டு!

மஞ்சளே குழப்பம் தருவது. லெகார்னில் உள்ள ஓங்கு வெள்ளை மரபணு, அடியில் இருக்கும் கறுப்பை மறைத்துவிடுகிறது. அதன் குஞ்சு மஞ்சளாகப் பிறந்து வெள்ளையாக வளரும். ஆனால் எல்லா மஞ்சளும் லெகார்ன் அல்ல. கறிக்கோழிக் குஞ்சும் மஞ்சள்தான். அது கால் தடித்து, உடல் அகன்று இருக்கும். எனவே ஒரு குஞ்சைப் பார்த்து முடிவு செய்வதைவிடக் கூடை முழுவதையும் பார்ப்பது மேல். ஒரு தாயின் கீழ்ப் பொரித்த நாட்டுக்குஞ்சுகளில் கறுப்பு, பழுப்பு, மஞ்சள், கோடு எனக் கலந்து வரும். அச்சில் வார்த்தாற்போல் இருபத்தைந்தும் ஒன்றாக இருந்தால் அது பொரிப்பகத்துச் சரக்கு. அம்மா கேட்டது இதைத்தான்.

நிறத்தைவிடக் கொண்டை நம்பத்தக்கது. பேட்சன், புன்னட் ஆகியோரின் கோழிக்கொண்டைச் சோதனையை நாம் மரபியலில் படித்திருக்கிறோம். 9:3:3:1 விகிதத்தை ஒப்பிக்கிறோம். அந்தப் பட்டாணிக்கொண்டை நம் தெருவிலேயே நடமாடுகிறது. சண்டைக்கு வளர்க்கும் அசீல் கோழிக்கு உள்ளது அதுவே: தாழ்ந்து, மூன்று வரிசையாக இருக்கும். லெகார்னுக்கு ரம்பம் போன்ற ஒற்றைக்கொண்டை. உருப்பெருக்கியைக் கொண்டு அலகின் அடியில் பார்த்தால் சிறு குஞ்சிலேயே இவ்வேறுபாடு தென்படும். பட்டாணிக்கொண்டை ஓங்கு பண்பு. எனவே கலப்பிலும் அசீலின் கொண்டை தலைகாட்டும்.

சில இனங்கள் ஐயத்துக்கே இடம் தருவதில்லை. கழுத்தில் இறகில்லாத கோழியின் குஞ்சு முட்டையை உடைக்கும்போதே வெறுங்கழுத்துடன் வரும். முன்கழுத்தில் மட்டும் ஒரு கொத்து இருந்தால் அது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அப்பண்பைப் பெற்றது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியின் கடக்நாத் குஞ்சு கருநீலம்; தோலும் காலும் கறுப்பு. ஈடிஎன்3 என்னும் மரபணு உள்ள பகுதி இரட்டித்ததே இத்தகைய கருமைக்குக் காரணம் என்று 2011இல் கண்டறிந்தனர்.

காலைப் பார்த்து நாட்டுக்கோழி என்று சொல்வோர் நம் ஊரில் பலர். காலின் மஞ்சளுக்கு வேறு ஒரு வரலாறு உண்டு. அம்மரபணு சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வரவில்லை, சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. சாம்பல் காட்டுக்கோழி மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் நம் பறவை. ஆனால் லெகார்னுக்கும் மஞ்சள் கால் உண்டு. ஆகவே காலை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பது வீண்.

வளர்ப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். வாரம் 5 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்பின் கீழ் நெருக்கியடித்தால் குளிர், விலகி ஓடினால் சூடு. வெப்பமானி தேவையில்லை. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. எட்டாம் வாரம் ஊசி. இதை விட்டவர் தெருவோடு கோழியை இழப்பர். தீனிக்குக் குருணையும் கம்பும் போதா, புரதம் வேண்டும். அம்மா பழைய பானையில் சாணமும் கந்தலும் அடைத்துக் கவிழ்த்து வைப்பார். விடிந்தால் பானை நிறையக் கரையான். புரதம் என்ற சொல் அவருக்குத் தெரியாது.

புறக்கடைக்கு வேண்டியது அடைகாக்கும் கோழி என்பது என் கருத்து. லெகார்ன் பெட்டை ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும், அடையில் உட்காராது. அடைகாக்கும் குணத்தைக் கழித்துக் கழித்தே அந்த முட்டையைப் பெற்றார்கள். நாட்டுக்கோழி குறைவாகவே இடும். ஆனால் 21 நாள் உட்கார்ந்து, பொரித்து, பருந்தைக் கண்டால் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் அழைக்கும். பல்பு இதைச் செய்யாது.

இந்தத் தை மாதம் எங்கள் கறுப்புப் பெட்டையைப் பதினொரு முட்டையில் அடை வைத்தோம். ஒன்பது பொரித்தன. பஞ்சாரத்தைத் தூக்கி, துறையில் இரவல் பெற்ற உருப்பெருக்கியுடன் அமர்ந்தேன். நான்கு கறுப்பு, இரண்டு முதுகுக்கோடு. அந்த ஆறில் மூன்றுக்குப் பட்டாணிக்கொண்டை, மூன்றுக்கு ஒற்றை. மற்ற மூன்றும் மஞ்சள், ஆங்காங்கே கரும்புள்ளி. கொண்டை மூன்றிலும் ஒற்றை. அம்மா முகம் சுருங்கியது. 'இது எங்கேருந்து வந்துச்சு?' என்றார்.

விலைபோகாமல் நின்ற வெள்ளைச் சேவல் ஒன்று முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. அதைக் காட்டினேன். ஆறுக்குத் தகப்பன் பக்கத்து வீட்டு அசீல் கலப்பு, மூன்றுக்கு அந்த வெள்ளை என்றேன். அம்மா குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாமும் பார்த்தார். பிறகு, 'அப்ப இந்த மூணுல பொட்டை இருந்தா முட்டை கூட இடும்ல?' என்று கேட்டார். இடும் என்றேன், அடையில் உட்காருமா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன்.