குழந்தை உதவித் தொகையும் பிறப்புப் பத்திரமும்

விடியுமுன் பிரட்டுக்குப் புறப்படும் தாய்மாருக்குக் கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்பது நெடுநாளைய கவலையாகும். 2023 ஜனவரி முதல் நாள் தொடங்கிப் பிரசவ விடுப்பு 60 நாள்களிலிருந்து 98 நாள்களாக உயர்ந்துள்ளது. அதன் பின்னர் குழந்தை ஆயாவிடமோ அண்டை வீட்டாரிடமோதான் வளர்கிறது. பாலுக்கும் பராமரிப்புக்கும் பணம் வேண்டும்.

இதனைத் தாங்க இயலாத ஏழைக் குடும்பங்களுக்குச் சமூகநல இலாகா மாதந்தோறும் உதவித் தொகை வழங்குகிறது. 2021ஆம் ஆண்டில் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு 200 வெள்ளி, 7 முதல் 18 வயது வரை 150 வெள்ளி என்றிருந்த தொகையை 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 250, 200 வெள்ளியாக உயர்த்தியது. ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு 1,000 வெள்ளி. கைக்குழந்தைகள் இருவரும் பள்ளிப் பிள்ளை ஒருவரும் உள்ள வீட்டுக்கு 700 வெள்ளி என்பது சிறு தொகையன்று.

குடும்ப வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருத்தல் வேண்டும். மலேசியக் குடிமக்களாகவும் இருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று சம்பளம் குறைவதால், ஒரு மாதச் சம்பளச் சீட்டை மட்டும் காட்டாமல் பல மாதச் சீட்டுகளையும் எடுத்துச் செல்வதே அறிவுடைமை.

பெரும் இடையூறு வேறிடத்தில் உள்ளது. பிறப்பை 60 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். ஆயினும் கோயிலில் தாலி கட்டியதே போதும் என்றெண்ணித் திருமணத்தைப் பதியாது விடுவோர் இன்னும் உளர். 1982 மார்ச் முதல் நடப்பிலுள்ள சட்டம் முஸ்லிமல்லாதார் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியுள்ளது. பதிவில்லாத நிலையில் பிறக்கும் குழந்தை தாயின் குடியுரிமையையே பின்பற்றும். தாய் வெளிநாட்டவராயின், தந்தை இந்நாட்டுக் குடிமகனாக இருந்தும் குழந்தைக்குக் குடியுரிமை கிட்டாது போகும். பின்னர் திருமணத்தைப் பதிந்தாலும் அந்நிலை தானாக மாறிவிடுவதில்லை. உதவித் தொகைக்கு மனுச் செய்யும்போதுதான் இது பல பெற்றோருக்குத் தெரியவருகிறது; பள்ளியில் சேர்க்கும்போதும் இதே தொல்லைதான்.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு சொல். வெவ்வேறு வீடுகளைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நால்வர் அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் இடம், 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். குழந்தையை ஒப்படைக்குமுன் பதிவுப் பத்திரத்தைக் காட்டுமாறு கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

மனுவை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கொடுக்கலாம். அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டால், ஒரு நாள் கூலியை இருமுறை இழக்க நேராது.